இரண்டு வரியும் முப்பது வரியும்

1

தமிழ்ப் புதுக்கவிதைக்கு வெகுகாலமாகவே ஒரு சுரங்க ரயில் ஸ்டேஷன் உண்டு. அது பாரிஸில் இருக்கிறது. 1959 ஜனவரியில் 'எழுத்து' வெளிவரத் தொடங்கி, புதுக்கவிதை என்ற பேச்சு நம்மிடையே பலப்பட்ட நாளிலிருந்து, படிமம் என்றால் என்ன என்று கேட்பவனை நாம் அழைத்துப் போய்க் காட்டிய இடங்களில் அது ஒன்று. எஸ்ரா பவுண்ட் மெட்ரோ ஸ்டேஷனைத் தலைப்பாக வைத்து எழுதிய இரண்டு வரிக் கவிதையைச் சொல்கிறேன். 1913 ஏப்ரலில் சிகாகோவின் 'பொயட்ரி' பத்திரிகையில் வெளியான அக்கவிதையில், தலைப்பை விட்டால், பதினான்கே சொற்கள். மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கிலத் தொகுப்புகளைப் புரட்டிப் பொறுக்கிய தலைமுறையில் அந்தப் பதினான்கு சொற்களை அறியாதவர் குறைவு. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோயிற்று. அது இருந்த இடத்துக்குப் பக்கத்தில், தரைக்கு இருபத்தைந்து மீட்டருக்கும் கீழே, இன்று நமக்கென்று ஒரு சுரங்க ரயில் சந்திப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது.

சென்னை மெட்ரோவின் முதல் சுரங்கப் பகுதி, திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை, 2017 மே 14-ல் ஓடத் தொடங்கியது. சென்ட்ரலின் கீழே வண்டி வந்தது 2018 மே 25-ல். இன்னொரு பாதையும் அங்கே வந்து சேர்ந்து அது உண்மையில் சந்திப்பானது 2019 பிப்ரவரி 10-ல். ஆக, கிட்டத்தட்ட அறுபது வருஷம் ஸ்டேஷனைக் காணாமலே ஸ்டேஷன் கவிதையைப் படித்துக்கொண்டிருந்தோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பனியைக் காணாமல் ருஷ்ய நாவல்களைப் படித்தவர்கள்தானே நாம். என்னுடைய கேள்வி வேறு. ஸ்டேஷன் வந்துவிட்ட பிறகும் நம் கவிஞன் அதில் இறங்குகையில் எதைப் பார்க்கிறான்?

சமீப வருஷங்களில் படிக்கக் கிடைத்த மெட்ரோ கவிதைகளை வைத்துச் சொல்வதானால், அவன் அங்கே இருட்டைப் பார்க்கிறான். சுரங்கம் சிலருக்குப் பாதாளம், சிலருக்குக் கருப்பை, சிலருக்கு நனவிலி. ரயில் பாம்பாகிறது. கூட்டம் நிழலாகிறது. எல்லாம் நாலைந்து வரிக்குள் முடிந்துவிடுகிறது. சுருக்கம் இருக்கிறது, ஆனால் எதைச் சுருக்கினார்கள் என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சுருக்கத்தைப் பற்றியது.

2

பவுண்ட் அந்தக் கவிதை எப்படி உண்டாயிற்று என்பதைத் தானே எழுதி வைத்திருக்கிறார். 1914 செப்டம்பரில் 'ஃபோர்ட்நைட்லி ரிவியூ'வில் வந்த அவருடைய கட்டுரையில் அது வருகிறது. பாரிஸில் கோன்கோர்ட் ஸ்டேஷனில் இறங்கினார். ஒரு அழகான முகம், பிறகு இன்னொன்று, பிறகு ஒரு குழந்தையின் முகம், மறுபடி ஒரு பெண்ணின் முகம். அன்று முழுதும் அதற்குச் சொல் தேடினார், கிடைக்கவில்லை. மாலையில் நடந்து வீடு திரும்புகையில் அது சொல்லாக அல்லாமல் வர்ணத் திட்டுகளாக அவருக்குப் பிடிபட்டது. அதன் பிறகு முப்பது வரியில் ஒரு கவிதை எழுதினார். செறிவு போதாதென்று அழித்தார். ஆறு மாதம் கழித்து அதில் பாதி நீளத்தில் ஒன்று எழுதினார். மேலும் ஒரு வருஷம் கழித்துத்தான் ஜப்பானிய ஹொக்குவைப் போன்ற அந்த வாக்கியம் வந்தது.

நம்மிடையே படிமத்தைப் பற்றிப் பேசியவர்கள் இந்தக் கதையை அறியாதவர்கள் இல்லை. ஆனால் கதையை அறிவது வேறு, அதிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம் என்பது வேறு. நாம் இரண்டு வரியை எடுத்துக்கொண்டோம். அழிக்கப்பட்ட முப்பது வரியையும், இடையில் போன ஒன்றரை வருஷத்தையும் பாரிஸிலேயே விட்டுவிட்டோம். ஹைக்கூ என்ற பெயரில் பிற்பாடு தமிழில் பெருகியதெல்லாம் இந்த ஒருதலைப் பட்சமான இறக்குமதியின் விளைவு என்றே எனக்குப் படுகிறது. செறிவு என்பது நிறைய இருந்து குறைந்ததன் பெயர். தொடக்கத்திலேயே குறைவாக இருப்பதற்குச் செறிவு என்று பெயரில்லை.

அந்தக் கவிதையில் இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. தண்டவாளமோ படிக்கட்டோ வண்டியோ அதன் வரிகளுக்குள் இல்லை. ஸ்டேஷன் என்பது தலைப்பில் மட்டுமே இருக்கிறது. தலைப்பை எடுத்துவிட்டால் கவிதை தோட்டத்துக்குப் போய்விடும். நகரத்தின் முழு பாரமும் தலைப்பின் மேல் நிற்கிறது. வரிகளில் பேசப்படாத ஸ்டேஷன் அந்தப் பதினான்கு சொற்களுக்குக் கீழே இருந்துகொண்டு அவற்றைத் தாங்குகிறது. நம் கவிஞர்களும் 'மெட்ரோ' என்று தலைப்பிடுகிறார்கள். ஆனால் தலைப்புக்கும் வரிக்கும் இடையில் இருக்க வேண்டிய ஸ்டேஷனை அவர்கள் பார்த்த அடையாளம் இல்லை. காரணம் எளிது: அவர்கள் சென்ட்ரலில் இறங்கிக் கோன்கோர்டை எழுதுகிறார்கள்.

3

சென்ட்ரலை அப்படியே எழுதினால் என்ன கிடைக்கும்? நான் இருப்பது நெல்லிக்குப்பத்தில். இங்கிருந்து ரயிலில் விழுப்புரம் போய் எழும்பூரில் இறங்குகிறவனுக்குச் சுரங்க வண்டியில் சென்ட்ரல் ஒரே ஒரு ஸ்டேஷன். வருஷத்தில் சில தடவை அந்த வழியாகப் போக நேர்கிறது. வடக்கே வண்ணாரப்பேட்டை பக்கமோ தெற்கே தேனாம்பேட்டை பக்கமோ போக வேண்டுமானால் அங்கே இறங்கி வண்டி மாற வேண்டும். அப்படி மாறுகையில் கவனித்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, அங்கே இருட்டே இல்லை. சுமார் எழுபதாயிரம் சதுர மீட்டர் பரப்புள்ள இடம். ஒரு மூலையில்கூட நிழல் விழாமல் வெளிச்சம் போட்டிருக்கிறார்கள். மேலே தரையில் 1873-லிருந்து இருக்கிற பழைய சென்ட்ரல் ஸ்டேஷனில், விடியற்காலையில் நடைமேடைக் கோடியில், இதைவிட ஜாஸ்தியான இருட்டு உண்டு. பாதாளம் என்று எழுதுகிறவர் கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது, வண்டி வருவதை யாரும் பார்ப்பதில்லை. சுரங்க ஸ்டேஷன்களில் நடைமேடையின் ஓரம் முழுதும் கண்ணாடிச் சுவர். வண்டி வந்து நின்ற பிறகு கண்ணாடிக் கதவும் வண்டிக் கதவும் சேர்ந்து திறக்கின்றன. ரயில் என்ற அனுபவத்தில் நம் இலக்கியத்துக்கு மிகவும் பழக்கமான பகுதி, தூரத்தில் புள்ளியாகத் தெரிந்து பெரிதாகி இரைச்சலோடு மேலே வந்து விழும் அந்த வருகை, இங்கே அடியோடு கிடையாது. கூட்டத்திலிருந்து முகங்கள் திடீரென்று தோன்றுவதற்கும் வழியில்லை. காத்திருக்கிற இரண்டு மூன்று நிமிஷத்தில் கண்ணாடிக்குப் பின்னால் சுரங்கம் கருப்பாக இருப்பதால், முன்னால் நிற்கிறவனுக்குத் தெரிவது அவனுடைய முகம்தான். பவுண்டின் ஸ்டேஷன் பிறர் முகங்களால் ஆனது. நம் ஸ்டேஷனில் ஒவ்வொருவனும் தன் முகத்தின் எதிரில் வரிசையில் நிற்கிறான். பக்கத்தில் நிற்பவனைப் பார்ப்பதென்றாலும் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறான். இதைச் சொல்வதற்குப் பூவிதழ் உதவாது. கோன்கோர்டிலும் முதலாம் பாதையின் நடைமேடைகளில் இப்போது தடுப்புக் கதவுகள் வைத்துவிட்டார்கள்; பவுண்டே திரும்ப வந்தாலும் அதே கவிதையை எழுத முடியாது.

மூன்றாவது, ஆழம் உடம்புக்குத் தெரிவதில்லை. பாதைகள் இரண்டும் அங்கே ஒன்றன் கீழ் ஒன்றாக, வெவ்வேறு தளங்களில் போகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எஸ்கலேட்டர் கொண்டுபோய் விடுகிறது. நிலத்துக்குக் கீழே எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை முழங்கால் அறிவதில்லை. எஸ்கலேட்டரின் முதல் படிக்கு முன்னால் தயங்கி நின்ற ஒரு அம்மாள், "தம்பி, பரங்கிமலை வண்டிக்கு மேல போவணுமா, கீழ போவணுமா?" என்று என்னிடம் கேட்டார். அம்பு காட்டிய பக்கத்தைச் சொன்னேன். அவர் விடாமல், "அதான் எங்க இருக்கோம்னே தெரியலையே" என்றார். அந்த ஸ்டேஷனைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதுதான் சரியானது. மேல், கீழ் என்ற இரண்டு சொற்களும் அங்கே பொருளிழந்து வெறும் அம்புக்குறிகளாகி விடுகின்றன. சந்திப்பு என்று பெயர். அங்கே சந்திப்பவை பாதைகள் மட்டும்தான்.

4

தமிழில் நகரத்தின் சந்தி ஒன்றை எழுதிக் காட்டியவர் புதுமைப்பித்தன். 1943-ல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதை பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற இடத்தில் தொடங்குகிறது. கந்தசாமிப் பிள்ளை அங்கே நின்றபடி ஒரு கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் மிஞ்சுகிற சில்லறைக்கு வெற்றிலை பாக்கு உண்டு; பஸ்ஸில் ஏறி, சென்ட்ரலைத் தாண்டும் வரை கண்டக்டரை ஏமாற்றிவிட்டு அதன் பிறகு டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி உண்டு, வெற்றிலை கிடையாது. இந்த யோசனையில் அவர் இருக்கும்போதுதான் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார்.

அந்தக் கணக்கைக் கவனியுங்கள். கதைக்கு அது அவசியமா என்று ஒரு வறட்டு உருவவாதி கேட்கக்கூடும். கடவுள் நேரடியாகவே வந்திருக்கலாமே? வந்திருந்தால் அது ஒரு உருவகக் கதையாக முடிந்திருக்கும். பிள்ளையின் சட்டைப் பையில் எவ்வளவு இருக்கிறது, டிராமுக்கும் பஸ்ஸுக்கும் என்ன வித்யாசம், சென்ட்ரல் என்பது கட்டணத்தில் எந்த எல்லை என்பதெல்லாம் நிச்சயமான பிறகுதான் அந்தச் சந்தியில் கடவுளுக்கு நிற்க இடம் கிடைக்கிறது. பவுண்ட் தன் முப்பது வரியை அழித்தார். புதுமைப்பித்தன் தன் முப்பது வரியை, உரைநடையின் சலுகையில், கதைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் முப்பது வரியைச் சம்பாதித்தவர்கள்.

இன்று அதே சந்திக்குக் கீழே, கொஞ்ச தூரத்தில், உயர் நீதிமன்றம் என்ற மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது. கந்தசாமிப் பிள்ளை அங்கே ஏறினால் அடுத்தது சென்ட்ரல், அதற்கடுத்தது அரசினர் தோட்டம். இறங்கித் திருவல்லிக்கேணிக்கு நடந்துவிடலாம். ஏமாற்றுவதற்குக் கண்டக்டர் கிடையாது. அட்டையையோ அச்சடித்த சீட்டையோ உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் இயந்திரத்திடம் காட்ட வேண்டும். சென்ட்ரலைத் தாண்டினோமா இல்லையா என்பதை அது பார்த்துக்கொள்ளும். வெற்றிலைக் கணக்குப் போடுகிற மனசுக்கு அந்த வாசலில் வேலையில்லை. தயங்கி நிற்பவனுக்கு இடமுமில்லை. நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்காகக் கட்டப்பட்ட இடம் அது. கடவுள் அங்கே வந்தாலும் யாரிடமும் வழி கேட்க மாட்டார். அம்புக்குறியைப் பார்த்துப் போய்விடுவார்.

இதை நான் புலம்பலாகச் சொல்லவில்லை. ஒரு எழுத்தாளனுக்கு இது பிரச்னை, அதனால் சொல்கிறேன். சென்ட்ரலின் சந்திப்பில் மனிதனின் சின்னத் தந்திரங்களுக்குப் பிடிமானம் குறைந்துபோயிருக்கிறது என்றால், அதை எழுதுகிறவன் அந்தக் குறைவைத்தான் முதலில் எழுத வேண்டும். அதற்கு அவன் அங்கே கொஞ்ச நேரமாவது நின்றிருக்க வேண்டும்.

படிமம் எவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்பதற்கு மெட்ரோ நிர்வாகமே ஒரு உதாரணம் தந்திருக்கிறது. இரண்டாம் கட்டப் பணிகளில் சுரங்கம் தோண்டும் இயந்திரங்களுக்கு மலை, ஆறு, பறவைப் பெயர்களை வைத்தார்கள். 2022 அக்டோபரில் மாதவரத்தில் மண்ணுக்குள் இறங்கிய இயந்திரத்தின் பெயர் நீலகிரி. கலங்கரை விளக்கத்தருகே 2023 செப்டம்பரில் இறங்கியதன் பெயர் ஃபிளமிங்கோ. அடையாற்றின் அடியில் தோண்டிச் சென்ற இயந்திரத்தின் பெயர் காவேரி. நகரத்துக்கு அடியில் ஒரு மலை நகர்கிறது. ஒரு ஆற்றின் கீழே இன்னொரு ஆறு மண்ணைத் தின்றபடி போகிறது. நம் சர்ரியலிஸ்டுகள் யாரும் இதைவிட நல்ல வரி எழுதிவிடவில்லை. ஆனால் இது ஒரு பெயர்ப்பலகை. பூஜை போட்டு இயந்திரத்தின் மேல் எழுதியது. களிமண்ணிலிருந்து பாறைக்கும் பாறையிலிருந்து மணலுக்கும் மாறிமாறிப் போகிற சென்னை நிலத்தில் ஒரு நாளில் எத்தனை மீட்டர் தோண்ட முடிந்தது என்ற கவலைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. கவிதையில் படிமம் இப்படிப் பெயர்ப்பலகையாகத் தொங்கும்போது நாம் கைதட்டிப் பழகிவிட்டோம்.

பெயர் என்றதும் இன்னொன்று. 2020-ல் அந்த ஸ்டேஷனுக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல் மெட்ரோ என்று பெயர் மாற்றினார்கள். பலகையில் அத்தனையும் இருக்கிறது. ஜனங்கள் சென்ட்ரல் என்கிறார்கள். இதில் யாருக்கும் அவமரியாதை இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஊருக்குப் போனவர்களும் வந்தவர்களும் வழியனுப்பியவர்களும் புழங்கிப் புழங்கித் தேய்ந்த சொல் அது. அதுவும் சுருக்கம்தான். எது சுருங்கி அந்த ஒரு சொல் ஆயிற்று என்பது சொல்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். நம் கவிதையிடம் நான் எதிர்பார்ப்பது இந்த வகைச் சுருக்கத்தை.

5

நெல்லிக்குப்பத்திலிருந்து சுரங்க ரயிலைப் பற்றிப் பேச என்ன யோக்யதை என்று ஒருவர் கேட்கலாம். எங்களுக்கு ஊர் தெரிகிற அளவுக்கு ஒரு சர்க்கரை ஆலை உண்டு, விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன் உண்டு. ஆனால் நிலத்துக்குக் கீழே இருப்பதைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழ்நாட்டில் எங்கள் மாவட்டத்தைவிடத் தகுதியுள்ள இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சிறிது நேரப் பிரயாணத்தில் நெய்வேலி இருக்கிறது.

நெய்வேலியில் சுரங்கம் என்றுதான் சொல்கிறோம். உண்மையில் அது திறந்த பள்ளம். 1957 மே மாதம் நேரு தொடங்கி வைத்து, 1961-ல் முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. இடையில் நாலு வருஷம் என்ன செய்தார்கள்? மண்ணை அள்ளினார்கள். கரி இருப்பது பல இடங்களில் ஐம்பது மீட்டருக்கும் கீழே. அதன் மேல் இருக்கிற அத்தனையையும் மேல்மண் என்கிறார்கள். ஒரு டன் கரிக்கு அதைப்போலப் பல மடங்கு மேல்மண்ணை பக்கெட் வீல் இயந்திரம் வெட்டி, பெல்ட்டில் ஏற்றி, வேறிடத்தில் குன்றாகக் குவிக்க வேண்டும். கரிக்குக் கீழே இன்னொரு சங்கடம்: அழுத்தத்தோடு நிற்கிற ஆர்ட்டீசியன் நீர். அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பள்ளத்தின் தரையையே உடைத்துக்கொண்டு மேலே வரும். மேலே மண், கீழே நீர், நடுவில் கரி. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் அங்கே சுரங்கம் என்று பெயர்.

இதற்கு மேல் விளக்க வேண்டிய தேவை இல்லை என்று நினைக்கிறேன். பவுண்ட் அழித்த முப்பது வரி மேல்மண். அதை அள்ளாமல் கரி கிடைக்காது. அள்ளிய பிறகு அது கரியோடு சேர்ந்து எரிவதுமில்லை. நம் கவிதையில் மேல்மண் குவிந்த குன்று எங்கேயும் தென்படவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. கடலூர்ச் சாலையில் போகிறவன் தூரத்தில் மண்குன்றைப் பார்த்ததுமே அங்கே ஆழமாக ஏதோ நடக்கிறது என்று தெரிந்துகொள்கிறான். ஒரு நல்ல இரண்டு வரிக் கவிதையைப் படிக்கும்போதும் அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் அந்தக் குன்று நிற்கிறது என்பது வாசகனுக்குத் தெரிந்துவிடும்.

இதற்கு இலக்கியத்துக்கு வெளியிலும் ஒரு பக்கம் இருக்கிறது. பாதாளம் என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் யாரும் அவ்வளவு லேசாக எழுதிவிட முடியாது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, நின்றிருந்த நெற்பயிருக்குள் மண்ணள்ளும் இயந்திரங்கள் இறங்கின. அன்று அந்த ஊர்க்காரர்களுக்கு நிலத்தடி என்பது நனவிலியும் அல்ல, கருப்பையும் அல்ல. யாருடைய வயல், எத்தனை நாளில் அறுப்பு, நஷ்டஈடு யாருக்கு என்கிற ஸ்தூலமான கேள்வி. மேல்மண் என்று பொறியியலில் சொல்லப்படுகிற அதே மண்ணின் மேற்பரப்பில்தான் நெல் விளைகிறது. நிலத்தைத் தோண்டுவதற்கு முன்னால் நிலத்தின் மேலே யாரோ இருக்கிறார்கள். தோண்டுவதற்கும் யாரோ வருகிறார்கள். சென்னையின் சுரங்கங்களில் வேலை செய்த ஆட்களில் மிகப் பலர் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். வடக்கேயிருந்து வருகிறவனுக்குச் சென்னை என்பது முதலில் சென்ட்ரல் ஸ்டேஷன். தரைமேல் இருக்கிற சென்ட்ரலில் முதுகில் பையோடு இறங்கியவன், அதே ஊரின் தரைக்குக் கீழே போய்த் தோண்டிவிட்டுத் திரும்பிப் போகிறான். மேல் சென்ட்ரலையும் கீழ் சென்ட்ரலையும் உண்மையில் இணைக்கிற பாதை அவன் உடம்பின் வழியாகப் போகிறது. இத்தனை மெட்ரோ கவிதைகளில் அவன் முகம் ஒரு இடத்திலும் தோன்றவில்லை. முகங்களைப் பற்றிய கவிதையை வெகுகாலமாகப் பாடம் கேட்டவர்கள் நாம்.

6

இதற்கு வரக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும். கவிதை எழுத ஒருவன் கட்டட வரைபடம் படிக்க வேண்டுமா? மண்ணியல் தெரிய வேண்டுமா? தொழிலாளர் பிரச்னையைச் சொல்வது கவிதையின் வேலையா? நம் வட்டத்தில் இந்தக் கடைசிக் கேள்வி எழுபதுகளிலிருந்தே இரண்டு கட்சியாகப் பிரிந்து வளர்ந்த சண்டை. அதை இங்கே திரும்பத் தொடங்க எனக்கு விருப்பமில்லை. தொழிலாளியைப் பற்றிக் கோஷம் எழுதுகிறவரும், சுரங்கத்தைக் கருப்பை என்கிறவரும் என் பார்வையில் ஒரே தப்பைச் செய்கிறார்கள். இருவரும் கீழே இறங்குவதற்கு முன்பே முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஒருவருக்குத் தத்துவம் தயாராக இருக்கிறது, இன்னொருவருக்குப் படிமம் தயாராக இருக்கிறது. ஸ்டேஷன் இருவருக்கும் தேவைப்படவில்லை.

வரைபடம் படிக்க வேண்டாம். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தவன், ஏன் பிறர் முகம் தெரியவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும். வண்டி வரும் சத்தம் ஏன் இவ்வளவு அடங்கிக் கேட்கிறது, தயங்கி நின்ற அம்மாளுக்கு ஏன் பதில் சொல்ல முடியவில்லை, வாசல் இயந்திரத்திடம் ஏன் பேரம் பேச முடியாது என்று முப்பது வரி எழுதிப் பார்க்கட்டும். அவற்றில் ஒரு வரிகூட மிஞ்ச வேண்டிய அவசியமில்லை. தமிழில் ஒரு நல்ல சுரங்க ரயில் கவிதை வருமானால் அதில் கண்ணாடியும் இருக்காது, எஸ்கலேட்டரும் இருக்காது. சென்ட்ரல் என்ற சொல் தலைப்பில் மட்டும் இருக்கலாம். அந்தத் தலைப்பின் கனத்தில், அங்கே ஒருவன் உண்மையில் இறங்கி நின்றான் என்பது நமக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாம் கட்டத்தில் சுமார் 119 கிலோமீட்டருக்குப் பாதை போடுகிறார்கள். பூமிக்கடியில் இன்னும் பல சந்திப்புகள் வரப்போகின்றன. ஆகவே விஷயத்துக்குப் பஞ்சமிருக்கப் போவதில்லை. அடுத்து வருகிற மெட்ரோ கவிதையை அனுப்புகிற நண்பர், முடிந்தால், அழித்ததையும் சேர்த்து அனுப்பட்டும். இரண்டு வரியை அச்சில் பார்த்துக்கொள்கிறேன். முப்பது வரியை முதலில் படிக்க ஆசையாக இருக்கிறது.